பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிய வெளியீட்டைத் திரும்பப் பெற முடியுமா?

தமிழ் உரையை எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்ணித் தரும் ஒரு பைத்தான் நிரலகத்தை வார இறுதிகளில் எழுதியதாகவும், அதை ஒரு ஜிப் கோப்பாக இணையச் சேமிப்பில் வைத்து நண்பர்களுக்கும் சில துணைப்பாட ஆசிரியர்களுக்கும் கொடுத்து வருவதாகவும், யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதே இப்போது குழப்பமாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பைபிஐ (பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியம்), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கானது), டெபியன் (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வழங்கல்) ஆகிய மூன்றிலும் ஏற்றிவிடலாமா, ஏற்றிய பிறகு பிழை தெரிந்தால் அதே பதிப்பை மாற்றலாமா, சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் முழுநேரம் வேலை பார்ப்பது இதற்குத் தடையாகுமா என்பவை உங்கள் கேள்விகள். ஏற்றுவதற்கான கட்டளைகளை ஆவணங்களைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கணினியில் நிறுவப்போகும் ஒன்றை வெளியிடுபவர் எதற்கெல்லாம் பொறுப்பேற்கிறார் என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மென்பொருள் வெளியீடுகளைத் தயாரித்து ஏற்றுவது பல ஆண்டுகளாக என் தொழில். சில திறமூலத் திட்டங்களுக்கும் அதே பணியைச் செய்து வருகிறேன். பைத்தான், டெபியன் பக்கம் எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. நான் வழக்கறிஞர் அல்லன் என்பதால், சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வழிகாட்டலாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று: ஏற்றிய பதிப்பை மாற்ற முடியாது. பைபிஐயில் ஒரு கோப்புப் பெயரை ஒருமுறை பயன்படுத்திவிட்டால், அந்தக் கோப்பை நீங்களே நீக்கினாலும் அதே பெயரில் இன்னொன்றை ஏற்ற இடமில்லை. என்பிஎம்மிலும் ஒரு பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்து ஒருமுறைதான் பயன்படும். ஜாவாவுக்கான மேவன் சென்ட்ரலில் வெளியானது வெளியானபடியே நிற்கும். பிழையான பதிப்பை நீக்குவதைவிட நல்ல வழி ஒன்று பைபிஐயில் உண்டு. அந்தப் பதிப்பைத் திரும்பப் பெறப்பட்டதாகக் குறித்துவிட்டால், புதிதாக நிறுவுபவர்களுக்கு நிறுவும் கருவி அதைத் தேர்ந்தெடுக்காது. அந்தப் பதிப்பு எண்ணையே துல்லியமாகக் குறிப்பிட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கும். அடுத்த எண்ணில் திருத்தத்தை வெளியிட்டுவிட்டுப் பழையதை இப்படிக் குறிப்பதே முறை. அச்சேறி விற்றுப்போன நூலுக்குப் பிழைதிருத்தம் வெளியிடுவது போன்றது இது. வாங்கியவர் வீட்டு அலமாரியிலிருந்து எவரும் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு வருவதில்லை.

களஞ்சியங்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஏற்றும் கோப்பு ஒரே இடத்தில் தங்குவதில்லை. உலகெங்கும் உள்ள இடைச்சேமிப்பு வழங்கிகளும், நிறுவனங்களின் உள் களஞ்சியங்களும், பல்கலைக்கழகங்களின் பிரதி வழங்கிகளும் அதை எடுத்து வைத்துக்கொள்கின்றன. நம் ஊரிலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் லினக்ஸ் வழங்கல்களின் பிரதிகளை வைத்திருந்தது பழைய லினக்ஸ் பயனர்களுக்கு நினைவிருக்கும். மேலும், உங்கள் நிரலகத்தைச் சார்ந்திருப்பவர்கள் எந்தப் பதிப்புகளை நிறுவுவது என்று குறித்துவைக்கும் தங்கள் பூட்டுக் கோப்பில் உங்கள் கோப்பின் ஹேஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்) பதிந்திருப்பார்கள். அதே எண்ணில் வேறு கோப்பு வந்தால் அவர்களுக்கு அது திருத்தமாகத் தெரியாது, தாக்குதலாகவே தெரியும். 2016 மார்ச்சில் என்பிஎம்மில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஒரு பெயர்த் தகராறில் நீக்கிவிட, அதை நேரடியாக அறிந்துகூட இராத எண்ணற்ற திட்டங்கள் அன்று கட்டமைய மறுத்தன. அதன்பின் என்பிஎம் விதிகளை இறுக்கியது. இப்போது வெளியிட்ட 72 மணி நேரத்துக்குள், வேறெந்தத் தொகுப்பும் அதைச் சார்ந்திராத நிலையில்தான் தடையின்றி நீக்கலாம்; அதற்குப் பிறகு நிபந்தனைகள் பல.

மாற்ற முடியாது என்றால், ஏற்றுவதற்கு முந்தைய சோதனைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே வாய்ப்பு. பைபிஐக்கென டெஸ்ட் பைபிஐ என்ற தனி ஒத்திகைக் களஞ்சியம் இருக்கிறது. கணக்கும் தனியாகத் திறக்க வேண்டும். முதலில் அங்கே ஏற்றி, பைத்தானைத் தவிர எதுவும் இல்லாத ஒரு புதிய மெய்நிகர் சூழலில் நிறுவி, உங்கள் நிரல் கோப்புறைக்கு வெளியே இருந்துகொண்டு இயக்கிப் பாருங்கள். அந்தக் கடைசி நிபந்தனையை அழுத்திச் சொல்கிறேன். கோப்புறைக்குள்ளிருந்து இயக்கும்போது பக்கத்திலிருக்கும் சொற்பட்டியல் கோப்பை நிரல் எடுத்துக்கொள்ளும். தொகுப்பில் அந்தக் கோப்பு சேராமலே போயிருப்பது தெரியவே தெரியாது. தரவுக் கோப்பு விடுபட்ட முதல் வெளியீடுகளைப் பைத்தான் உலகில் அடிக்கடி பார்க்கலாம்.

தமிழுக்கென்று வரும் சிக்கல்களும் இந்தக் கட்டத்தில்தான் பிடிபடும். பைத்தான் 3.14 வரையிலான பதிப்புகளில், ஒரு கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) யுடிஎஃப்-8 என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால், விண்டோஸ் தன் வட்டாரக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். மேக்கிலும் லினக்ஸிலும் சரியாக ஓடிய நிரல் அங்கே தமிழ்ச் சொற்பட்டியலைத் தொட்டவுடன் நின்றுவிடும், அல்லது இன்னும் மோசமாக, நிற்காமல் குப்பையைத் தரும். அடுத்தது ஒகர உயிர்மெய்கள். ‘கொ’ என்பதன் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் நிகரானவையாகவே கொள்கிறது. எழுத்தை எண்ணும் நிரலகம் இந்த இரு வடிவங்களுக்கும் ஒரே விடை தருகிறதா என்று ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். இதே காரணத்தால் தொகுப்புக்குள் இருக்கும் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்றும் சொல்வேன். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்தது. பிரதியெடுத்துக்கொண்டு போன இடத்தில் அந்தப் பெயர் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். பயனர் நிறுவுவது கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் எல்லாரும் படிக்கக்கூடிய உங்கள் மூலநிரலை அன்று. நீங்கள் கட்டி ஏற்றிய கோப்பை. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லாரும் நம்புகிறார்கள், பெரும்பாலும் எவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இந்த இடைவெளியில்தான் விளைந்தது. எக்ஸ்இசட் என்பது பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் இருக்கும் ஒரு சுருக்கக் கருவி. ஓர் ஆள் சில ஆண்டுகள் பொறுமையாகப் பங்களித்து, அதன் இணைப் பராமரிப்பாளராகி, 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் ஒரு பின்கதவை, அதாவது அனுமதியின்றி உள்ளே நுழையும் மறைவழியை, வைத்தார். தீய நிரலின் உடல் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் மூலக் களஞ்சியத்திலேயே கிடந்தது. ஆனால் அதை எழுப்பிவிடும் கட்டமைப்பு வரிகள் வெளியீட்டுக்கெனக் கட்டப்பட்ட தொகுப்பில் மட்டும் இருந்தன. மூலக் களஞ்சியத்தைப் படித்தவர்களின் கண்ணில் அவை பட வாய்ப்பே இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவது ஏன் என்று தோண்டியதால் இது அகப்பட்டது. டெபியனின் வளர்ச்சிக் கிளைகளிலும் இன்னொரு லினக்ஸ் வழங்கலான ஃபெடோராவின் சோதனைக் கிளைகளிலும் அது அப்போது ஏற்கெனவே நுழைந்திருந்தது. டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை.

உங்கள் நிரலகம் அவ்வளவு பெரிதன்று என்பது சரிதான். ஆயினும் இதிலிருந்து கிடைக்கும் பழக்கம் சிறிய திட்டத்துக்கும் பொருந்தும்: வெளியீட்டுக் கோப்பை உங்கள் மடிக்கணினியில் கட்டாதீர்கள். பதிப்பு எண்ணைத் தாங்கிய ஒரு குறிச்சீட்டை மூலக் களஞ்சியத்தில் இட்டவுடன், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற ஒரு தானியங்கி அமைப்பு அந்தக் குறிச்சீட்டிலிருந்தே தொகுப்பைக் கட்டி ஏற்றட்டும். பைபிஐ 2023 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய நம்பக வெளியீட்டு முறை இதற்காகவே உருவானது. இன்ன களஞ்சியத்தின் இன்ன பணி ஓட்டத்திலிருந்து வருவதை ஏற்றுக்கொள் என்று ஒருமுறை பதிந்துவிட்டால், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 15 நிமிடம் மட்டுமே செல்லும் ஓர் அடையாளச் சீட்டு அங்கேயே உருவாகிறது. நிரந்தர மறைச்சொல் எதையும் எங்கும் சேமிக்க வேண்டியதில்லை. எனவே திருட்டுப் போகவும் எதுவும் இல்லை. அதனுடன் சேர்த்து, இந்தக் கோப்பு இந்த மூலத்திலிருந்து இந்த இடத்தில் கட்டப்பட்டது என்ற மின்னிலக்கச் சான்றையும் இணைக்கலாம். பைபிஐ அதை 2024 நவம்பரிலிருந்து ஏற்கிறது.

இந்தச் சான்றுகளால் எவ்வளவு பயன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சான்று காட்டும். அது நல்லதா என்பதைக் காட்டாது. மூலக் களஞ்சியத்துக்குள்ளேயே ஒருவர் தீய வரியைச் சேர்த்துவிட்டால் அந்த வரிக்கும் முறையான சான்று கிடைத்துவிடும். எக்ஸ்இசட் விவகாரத்தில் மூலத்துக்கும் தொகுப்புக்கும் இடையிலான வேறுபாட்டை இப்படிப்பட்ட முறை வெளிக்காட்டியிருக்கும், ஆனால் அந்த ஆளின் நோக்கத்தை அன்று. முன்பு பைபிஐயில் பிஜிபி என்ற மறையாக்க முறையின் மின்னிலக்கக் கையொப்பங்களை இணைக்க முடிந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை யாராலும் பொருள்பட சரிபார்க்க முடியவில்லை என்று தணிக்கையில் தெரிந்ததால் 2023இல் அந்த வசதி நீக்கப்பட்டது. சரிபார்க்கப்படாத கையொப்பம் போலி நிம்மதியைத்தான் தருகிறது. புதிய சான்றுகளையும் நிறுவும் கருவிகள் தாமாகவே சரிபார்க்கும் நிலை பரவலாக வந்தால்தான் அவற்றின் முழுப் பயன் தெரியும்.

பெயரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பைபிஐயில் தொகுப்பின் பெயர் ஆங்கில எழுத்துகள், எண்கள், புள்ளி, இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றால்தான் அமைய வேண்டும், முதலில் வந்தவருக்கே பெயர். தமிழ்ப் பெயர் ஒன்றை ஆங்கில எழுத்தில் எழுத மூன்று நான்கு வழிகள் இருக்கும், ழகரம் வந்தால் சொல்லவே வேண்டாம். பெயரைச் சற்றே மாற்றி எழுதித் தீய தொகுப்பை ஏற்றிவைத்துக் காத்திருப்பது தாக்குபவர்களின் வழக்கமான உத்தி என்பதால், ஒரே ஒரு விதமாக மட்டுமே எழுதக்கூடிய பெயரைத் தேர்ந்தெடுங்கள். ‘ஓபன் தமிழ்’ போன்ற நிரலகங்கள் ஏற்கெனவே பைபிஐயில் இருக்கின்றன. உங்களுடையது அவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை விவரப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஒருவேளை அவற்றில் ஒன்றுக்குப் பங்களிப்பதே போதும் என்று உங்களுக்கே தோன்றலாம். அதுவும் நல்ல முடிவுதான்.

பதிப்பு எண்ணை மூன்று இலக்கங்களாக வைப்பதும், பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றத்துக்கு முதல் இலக்கத்தை உயர்த்துவதும் பரவலான வழக்கம். எது உடைக்கும் மாற்றம் என்பதில்தான் கவனம் வேண்டும். இப்போது உங்கள் நிரலகம் ‘க்ஷ’வை இரண்டு எழுத்தாக எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சுட்டிக்காட்டியதும் அதை ஓரெழுத்தாக மாற்றுகிறீர்கள். செயற்கூறின் பெயரோ அதற்குத் தரும் உள்ளீடோ மாறவில்லை, ஒரே ஒரு வரிதான் மாறியது. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல் விளையாட்டோ குறுக்கெழுத்தோ அமைத்தவருக்கு விடையே மாறிவிடும். இதைச் சிறு திருத்தம் என்று கடைசி இலக்கத்தில் ஒளிக்கக் கூடாது. முதல் இலக்கம் உயர வேண்டும், மாற்றக் குறிப்பேட்டில் காரணத்தோடு எழுதப்பட வேண்டும். தயக்கமிருந்தால் முன்னோட்டப் பதிப்பாக வெளியிடுங்கள். வெளிப்படையாகக் கேட்பவர்களுக்கும், உங்களிடம் வேறு பதிப்பே இல்லாத நிலையிலும் மட்டும்தான் நிறுவும் கருவி அதை எடுத்துக்கொடுக்கும்.

நீங்கள் சார்ந்திருக்கும் பிற தொகுப்புகளின் பதிப்பு எண்ணுக்கு மேல்வரம்பு குறிப்பிடுவதா என்பதில் பைத்தான் சமூகத்திலேயே ஒத்த கருத்து இல்லை. நிரலகத்துக்கு மேல்வரம்பு வேண்டாம், முழுச் செயலிக்கு எல்லா எண்களையும் பூட்டுங்கள் என்பது என் வழக்கம். எதிர்த்து வாதிடுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

உரிமத்தில் நிரலாளர்கள் தடுக்கி விழுவது நிரலைக் குறித்தன்று, தரவைக் குறித்துத்தான். நிரலுக்கு எம்ஐடி உரிமம் (கட்டுப்பாடு மிகக் குறைந்த திறமூல உரிமம்) என்று எழுதிவிடுவீர்கள். உள்ளே இருக்கும் சொற்பட்டியல் எங்கிருந்து வந்தது? தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்திருந்தால் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெயர் குறிப்பிடுதலையும் அதே உரிமத்தில் பகிர்தலையும் கோருகிறது. அந்தக் கோப்பின் உரிமத்தைத் தனியே எழுத வேண்டும். கல்வி அமைச்சின் பாடநூலிலிருந்து தொகுத்திருந்தால் அனுமதி இன்றி விநியோகிக்க முடியாது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் ஒரு நூலைப் படிக்க முடிகிறது என்பதற்காக அதன் உள்ளடக்கத்தைத் தொகுப்பில் சேர்த்து ஏற்றும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. பைபிஐயில் ஏற்றுவதற்கு முன்னர் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், டெபியனில் கட்டாயம் கேட்பார்கள்: ஒவ்வொரு கோப்பின் பதிப்புரிமையையும் உரிமத்தையும் பட்டியலிடாத தொகுப்பை அவர்கள் ஏற்பதில்லை.

வேலை தொடர்பான கேள்வி. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாத வரையில், ஊழியர் தம் வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்பு முதலாளிக்குரியது என்ற அடிப்படை அதிலும் தொடர்கிறது. வார இறுதியில் சொந்தக் கணினியில் எழுதியது வேலையின் பகுதியாகாது என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் உங்கள் நிறுவனமும் மொழிக் கருவிகள் செய்கிறதா, வேலை ஒப்பந்தத்தில் விரிவான அறிவுசார் சொத்துப் பிரிவு இருக்கிறதா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கிய நிரல் என்றால் அந்தக் கல்லூரியின் விதிகளையும் பார்க்க வேண்டும். மேலாளரிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கிக்கொள்வது எளிது, அதையும் வெளியீட்டுக்கு முன்பே செய்யுங்கள். திரும்பப் பெற முடியாத ஒன்றை ஏற்றிவிட்டு உரிமை யாருடையது என்று விசாரிப்பது எவருக்கும் நல்லதன்று.

இனி, எந்தக் களஞ்சியம் என்ற கேள்வி. பைபிஐ ஒன்று போதும். பைத்தான் நிரலகத்துக்கு என்பிஎம்மில் வேலை இல்லை, ஜாவாஸ்கிரிப்டில் மறுபடி எழுதினால்தான் அந்தப் பேச்சு. டெபியனுக்கு நீங்களே போக வேண்டியதில்லை. அங்கே தொகுப்பைக் கொண்டுசேர்ப்பவர் பெரும்பாலும் மூல ஆசிரியர் அல்லர், அதைப் பயன்படுத்தும் ஒரு தன்னார்வலர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நிலையான வெளியீட்டில் உறைந்துவிடும் பதிப்புக்கு அவர் பல ஆண்டுகள் பொறுப்பேற்கிறார். அவருடைய வேலையை எளிதாக்குவதுதான் நீங்கள் செய்யக்கூடியது. பைபிஐயில் வீல் கோப்போடு (நேரடியாக நிறுவத் தயாரான தொகுப்பு) மூலத் தொகுப்பையும் ஏற்றுங்கள், சோதனைகளும் உரிமக் கோப்பும் அதில் இருக்கட்டும், கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்காதபடி அமையுங்கள். டெபியனின் கட்டமைப்பு விதிகள் அதை அனுமதிப்பதில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் தன் தொகுப்புகளில் பெரும்பகுதியை டெபியனிலிருந்தே எடுக்கிறது என்பதால் ஒரு வாசல் வழியாக இரண்டும் நடந்துவிடும். இடைப்பட்ட காலத்தில், டெபியன் 12 முதல் கணினியின் பொதுப் பைத்தானுக்குள் நேரடியாக நிறுவ பிப் என்ற பைத்தான் நிறுவும் கருவி மறுக்கும் என்பதை நினைவில் வைத்து, மெய்நிகர் சூழலில் நிறுவும் முறையை விவரப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே உங்களுக்கு வரும் முதல் பிழை அறிக்கையாக இருக்கும்.

வாழ்நாள் முழுதும் பொறுப்பா என்ற கவலையும் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. சட்டப்படி, பரவலான திறமூல உரிமங்கள் எல்லாம் உத்தரவாதம் இல்லை என்றுதான் சொல்கின்றன. பராமரிப்பை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கைமாற்றுவதில் அவசரம் கூடாது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் தொகுப்பின் ஆசிரியர், தமக்கு நேரமில்லாததால், உதவ முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். வந்தவர் ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த திருட்டு நிரலைச் சார்புத் தொகுப்பாகச் சேர்த்துவிட்டார். களைத்துப்போன ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, சம்பளமில்லாத உழைப்பு அது. தகுந்த ஆள் இல்லையென்றால் கைமாற்றாமல் நிறுத்திவிடுங்கள்: 2025 தொடக்கத்திலிருந்து பைபிஐயில் ஒரு திட்டத்தை இனிப் புதுப்பிக்கப்படாதது என்று முறையாகக் குறித்து வைக்கலாம். அதற்கு மாறாக, நன்கு தெரிந்த ஒருவரை இன்றே இரண்டாவது உரிமையாளராகச் சேர்த்து வையுங்கள். பைபிஐ 2024 ஜனவரி 1 முதல் அனைவருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது; கைப்பேசி தொலைந்து, மீட்புக் குறியீடுகளும் கைவசம் இல்லையென்றால், உங்கள் தொகுப்புக்குள் நீங்களே நுழைவது நெடிய வேலையாகிவிடும்.

கடைசியாக அந்த ஜிப் கோப்பு. அதை உடனே நீக்க வேண்டாம். இணைப்பைப் பிடித்து வருபவர்களுக்குப் புதிய இடத்தைச் சொல்லும் ஒரு குறிப்பைப் பக்கத்தில் வைத்து, கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, அதில் இனி எதையும் மாற்றாதீர்கள். துணைப்பாட ஆசிரியர்களைப் பொறுத்தவரை, பைபிஐ அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவாது என்றே நினைக்கிறேன். கட்டளை வரியைத் திறந்து தொகுப்பு நிறுவுவது அவர்கள் வேலையன்று. அவர்களுக்கு வேண்டியது உரையை ஒட்டினால் எண்ணிக்கை தரும் ஓர் இணையப் பக்கம். பைபிஐயில் இருக்கும் உங்கள் தொகுப்பை ஒரு குறிப்பிட்ட பதிப்பில் பூட்டி அந்தப் பக்கத்தை நீங்களே கட்டினால், உங்கள் வெளியீட்டின் முதல் வெளிப்பயனராக நீங்களே இருப்பீர்கள், விடுபட்ட கோப்பும் உடைந்த பதிப்பும் ஆசிரியர்களை எட்டும் முன் உங்கள் கண்ணில் படும்.